அஃப்ரின் அனுப்பிய கடல்

அன்பு மகள் அஃப்ரினுக்கு, லப்பைக்குடிகாட்டிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம், பாரிஸ் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள். இது போனில் சொல்ல வராத விஷயம், அதனால்தான் கடிதம்.

நீ மியூசியத்தில் வாங்கி அனுப்பிய புயல்கடல் படம் வந்து சேர்ந்தது. பொருளை அச்சாக வரையாமல் கண்ணில் பட்ட வெளிச்சத்தை வரைகிற ஓவியர்களுடையது என்று எழுதியிருந்தாய். கிட்டே வைத்துப் பார்த்தால் பச்சையும் சாம்பலுமாக வெறும் தீற்றல், இதுல கடல் எங்கங்க இருக்கு என்று அம்மா சிரித்தாள். கூடத்தில் மாட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன், அலை எழுந்து நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ பிறக்குமுன் துபாயில் நான் சரக்கு ஏற்றும் லாஞ்சுப் படகில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கூட வேலை பார்த்த மீன்சுருட்டி ஊர்க்காரன் வீரமுத்து காய்ச்சலில் இறந்தான் என்று உங்களிடமும் அவன் வீட்டிலும் நான் சொன்னது பொய். புயலில் மேல்தட்டுச் சரக்கை இழுத்துக் கட்ட அன்று நான்தான் போயிருக்க வேண்டும், ஆனால் நான் வாந்தியெடுத்துக் கிடந்தேன். நீ படு மதாரு, நான் போயிட்டு வரேன் என்று போனவனை அலை கொண்டுபோய்விட்டது. எனக்காகப் போனான் என்று சொல்ல முப்பத்தைந்து வருஷமாக வாய் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லி அழுதேன், மொதல்ல போயி அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க என்றாள். மறுநாள் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மீன்சுருட்டிக்குப் போனேன். அவன் தாயார் காலமாகிவிட்டார், தங்கை சிந்தாமணி முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், திட்டுவாள் என்று தலைகுனிந்திருந்தேன். முந்திரித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பச்சத்தண்ணி குடுக்க ஆளில்லாம காய்ச்சல்ல கெடந்தானேன்னுதான் எங்கம்மா சாவுற வரைக்கும் அழுவுச்சு, அப்பவே நெசத்த சொல்லியிருந்தா அந்த அழுகையாவது கொறஞ்சிருக்கும்ணே என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு காபி போட்டுக் கொடுத்தாள். அண்ணன் போன நெசமான நாள் எது என்று கேட்டாள், பிப்ரவரி ஒன்பது என்றேன். இனிமே அன்னிக்குத்தான் படையல், நீங்களும் வந்துருங்க என்றாள்.

படத்தை இறக்கிடவா என்று அம்மா கேட்டாள், இருக்கட்டும் என்றேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையை விடாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி பகலில் போன் அடித்து எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, நானும் அம்மாவும் மீன்சுருட்டியில் இருப்போம்.

உன் அத்தா,
மதார்