அத்தைக்கு, என் மூக்கைப் பற்றி

நாளெல்லாம் திட்டினாலும் திட்டின் முடிவில் "கண்ணு" என்று சேர்க்க மறக்காத என் அத்தைக்கு,

பிறந்ததிலிருந்து அரை மூச்சே விட்டுப் பழகிய ஒருத்திக்கு, மீதி அரை மூச்சு தனக்கு வரவில்லை என்பது எப்படித் தெரியும்? செடிகள் எப்படிச் சுவாசிக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். இலைத்துளை திறப்பதையும் மூடுவதையும் கரும்பலகையில் அழகாக வரைவேன். என் மூக்கு மூடிக்கொள்வது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் மருமகளாக வந்த நாள் முதல், உங்கள் மகன் மிளகுக் காட்டுக்குக் காவல் போகும் நாட்களில் நீங்களும் நானும் ஒரே அறையில் படுப்போம். காலையில் காபியை நீட்டும்போதே ஆரம்பித்துவிடுவீர்கள். "ராத்திரி பூராவும் ஊட்டுக்குள்ள நெல்லு மிசினு ஓடுச்சே. அரிசி எங்க கண்ணு?"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் குரல் மாறும். "எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்து வாயால காத்தத் திங்கற சாமி. இது ஒரு தூக்கமா? எவனாச்சும் ஒரு டாக்டருக்குத் தெரியாமயா போகும்? போயிப் பாரு."

மலை மேல் நம் அரியூர் நாட்டில் மூக்கடைப்புக்கு எல்லோரிடமும் ஒரே காரணம்தான் உண்டு: பனி. சித்திரை வெயிலில் அடைத்தாலும் பனிதான். மிளகுக் கஷாயம் குடித்தேன், ஆவி பிடித்தேன். மலையிறங்கிப் போய் ஒரு டாக்டரைப் பார்த்ததில் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது என்றார், அறுத்து நேராக்கினார். தண்டு நேரானது. மூச்சு அப்படியேதான் இருந்தது. அடுத்தவர் மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தார். அதற்கடுத்தவர், மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அத்தோடு நான் விட்டுவிட்டேன். சிலருக்கு இப்படித்தான் போல என்று எனக்கு நானே முடிவு சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் விடவில்லை. "மூணு பேரு பாத்தாப் போதுமா? எம் மவனுக்குப் பொண்ணு பாக்கவே எத்தன ஊரு ஏறி எறங்குனோம்! அப்பிடித் தேடியும் இந்த மூக்குத்தான் கெடச்சுது."

அத்தை, நீங்கள் கண்ணை மூடியபின் வந்த கோடையில், தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டேன். பிள்ளைகள் துளிச் சத்தம் போடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது மரியாதையா, வசதியா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் பயந்துவிட்டேன். இன்னும் பத்தாண்டுக்கு மேல் வேலை செய்ய வேண்டும். தூக்கமில்லாமல் எத்தனை காலம் நிற்பது? அந்த வாரமே சேலத்துக்குப் போனேன்.

இந்த முறை டாக்டர் ஒரு பெண். என்னைவிட மிகவும் இளையவர். "எப்பவாச்சும் மூச்சு நல்லா வருதுங்களா? ஒரு பக்கமா படுத்தா, கையால அழுத்தினா?" என்று கேட்டார். "எப்போதும் இல்லை" என்றேன். அவர் கணினிப் பக்கம் திரும்பினார். என் வலது கை தானாகக் கன்னத்துக்குப் போனது. போன வேகத்தில் உங்கள் குரல் காதில் விழ, கையை இறக்கிவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாலே கையைத் தட்டிவிடுவீர்கள். "கைய எடு. கப்பலு கவுந்தாப்புல உக்காராத. ஊட்டுக்கு ஆகாது." கல்யாணமான புதிதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, உங்கள் எதிரில் அப்படி உட்காருவதையே விட்டிருந்தேன். நீங்கள் இல்லாதபோதும் விட்டிருந்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டார். "கைய ஏன் எடுத்தீங்க?"

"கன்னத்தில் கை வைக்கக் கூடாது."

"யாரு சொன்னாங்க?"

எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள் சொன்னேன்: "என் மாமியார்."

"மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கைய வைங்க."

"அவங்க இப்போ இல்லைங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ தைரியமா வைங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அத்தை, நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

கையை வைத்தேன். நான் கன்னத்தை வெறுமனே தாங்கவில்லை, காதுப் பக்கமாக இழுத்துப் பிடிக்கிறேன் என்று அவர்தான் காட்டினார். பிறகு தன் விரலாலேயே என் கன்னத்தை இழுத்துப் பிடித்து, "இப்போ மூச்ச இழுங்க" என்றார். இழுத்தேன். சில்லென்று ஒரு காற்று நேராக உள்ளே போனது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஐம்பதை நெருங்குகிறவள், முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் கண் கலங்கினேன். "இன்னொரு தடவை" என்று குழந்தைபோல் கேட்டேன்.

காகிதக் குழாய் நனைந்தபின் வேகமாக உறிஞ்சினால் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுமே, அதேபோலத்தான் என் மூக்கும். உள்ளே காற்றுப் போகும் மிகக் குறுகிய இடத்தில் பக்கச் சுவர் வலுவில்லாமல் இருக்கிறது. மூச்சை இழுத்தால் அந்தச் சுவர் உள்ளே மடிந்து வழியை அடைக்கிறது. கன்னத்தை இழுத்தால் திறக்கிறது. என் கை பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். நாம் இருவரும் சேர்ந்து அதை வீட்டுக்கு ஆகாத பழக்கம் என்று அடக்கி வைத்திருந்தோம்.

காதின் குருத்தெலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்து, அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுத்துத் தைக்கலாம் என்றார். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். "முதல் ஆபரேஷன் செய்தவரும் சரியாகும் என்றுதான் சொன்னார்" என்றேன்.

"அது நடுச்சுவர நேராக்கினது. இது பக்கச் சுவரத் தாங்கறது. நல்லா வரும்னு நெனைக்கிறேன். ஆனா எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு மறுபடியும் தளர்ந்திருக்கு."

அந்தச் "சொல்ல மாட்டேன்" என்ற வார்த்தைக்காகவே சம்மதித்தேன்.

ஆபரேஷன் முடிந்தது, அத்தை. சேலத்தில் சில நாள் இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். காதுக்குப் பின்னால் தையல், மூக்கின் மேல் கட்டு, உள்ளே இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. இப்போதைக்கு மூச்செல்லாம் வாயால்தான். ஊரில் என்ன பேச்சு தெரியுமா? டீச்சர் இந்த வயதில் மூக்கை அழகு பண்ணிக்கொண்டார் என்று. பக்கத்து வீட்டுச் செல்லம்மா பலாச்சுளையோடு வந்து, என் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "டீச்சருங்க, கட்டப் பிரிச்சா சினிமாக்காரியாட்ட இருப்பீங்களா? சொல்லீருங்க, அப்பறம் எங்களுக்கு அடையாளம் தெரியோணுமில்லீங்க" என்றாள்.

உங்கள் மகன் மட்டும் குறைந்தவரா? "காத எடுத்து மூக்குல வெச்சுட்டாங்க. எங்கம்மா இருந்திருந்தா என்ன சொல்லும் தெரியுமா? நாஞ்சொன்னது எதுவும் அவ காதுல ஏறல, மூக்குலயாச்சும் ஏறட்டும்னு சொல்லும்." சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.

நாளை சேலம் போகிறோம். தகட்டை எடுக்கிறார்கள். நேராகப் படுத்து, வாயை மூடி, ஒருமுறை உறங்க முடிந்தால் போதும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். கூடவே, இதுவும் பலிக்காவிட்டால் என்ன செய்வேன் என்றும் யோசிக்கிறேன். நாளை நடப்பதை நடந்தபடியே இதன் கீழே எழுதுகிறேன், கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். பலிக்காவிட்டாலும் தேடுவதை நிறுத்த மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மறுநாள்.

தகட்டை எடுத்தார்கள். வலித்தது. உள்ளே சுத்தம் செய்துவிட்டு, "இழுங்க" என்றார் டாக்டர். காற்று வந்தது, ஆனால் அன்று அவர் விரலால் இழுத்துப் பிடித்தபோது வந்த அளவுக்கு இல்லை. வீக்கம் வடியச் சில மாதம் ஆகும், அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றார். சரி என்றேன். வெளியே வந்து உங்கள் மகனிடம், "பாதி பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியது நினைவிருக்கிறது. மலை ஏறத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது, மலை மேல் செம்மேட்டில் உங்கள் மகன் என் தோளைத் தட்டியது. வளைவுக்கு வளைவு ஆட்டி எடுக்கும் அந்த பஸ்ஸில் நான் ஒருமுறைகூட விழிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒரு சத்தமும் இல்ல. வாய இறுக்க மூடிக்கிட்டுக் கெடந்த. மூக்குக்கிட்ட வெரல வெச்சுப் பாத்தேன். பின்சீட்டு அம்மா, 'ஏனுங்க, தண்ணி தெளிக்கட்டுங்களா'ன்னு எந்திரிச்சு நிக்குது."

"அப்புறம்?"

"மூச்சு வந்துச்சு. ரெண்டு பக்கமும் வந்துச்சு. வேண்டாங்கம்மா, தூங்கட்டும்னேன்."

உங்கள் மருமகள்,
வளர்மதி