பாஸ்கலுக்கு ஒரு பூசை

மயிலாப்பூர்,
22 டிசம்பர் 1945

அன்பு மகள் நோராவுக்கு,

நீ பிறந்த வீட்டுக்குப் போனபின் கிறிஸ்துமஸ் திருநாள் வேலையெல்லாம் மாமாவும் நானும்தான். நேற்று ரேஷன் சர்க்கரையில் கலகலா பலகாரம் செய்ய உட்கார்ந்தோம். மாமா மாவைச் சீப்பில் உருட்டி வரி போட்டுக்கொண்டே, "பாஸ்கலுக்கு மொறுமொறுன்னு இருக்கணும்" என்றார். யுத்தத்தில் ரங்கூனிலிருந்து நடந்து கிளம்பிய நம் பிள்ளை நாலு வருஷமாக இன்னும் வந்துகொண்டிருக்கிறான் என்றே அவர் பேசுவார். நானும் மறுப்பதில்லை.

அப்போதுதான் மாம்பலத்திலிருந்து உன் அப்பா வந்தார். அடையாறு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் உன்னைப் பெண் கேட்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"என் பிள்ளை உயிரோட இருக்கும்போதா?" என்று மாமா கத்தினார். பாவம், உன் அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு இன்னும் எத்தனை வருஷம் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சீப்பை வைத்துவிட்டு எழுந்து போனார். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

இன்று காலை மாதா கோவிலில் மாமாவே பங்குச் சாமியாரிடம் போய், "என் மகன் பாஸ்கலோட ஆத்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வையுங்க, சாமி" என்றார். இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாத்தியாருக்குச் சம்மதம் சொல்லு, மகளே. கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிடு. யாருக்கும் சங்கடம் வேண்டாம், கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறோம்.

என்றும் உனக்கு
அத்தைதான்