மடியில் ஒரு கோடிச்சேலை

பீரோவைத் திறந்தாலே அந்த வாசனைதான் வருகிறது. பிரிக்காத புதுச்சேலையின் கஞ்சி வாசனை. காந்திபுரத்தில் உனக்காக வாங்கியது. கட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதை நான் என்னடி செய்யட்டும்?

அந்தப் பம்பாய் விமானத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தொண்ணூறுகளில், நாம் இருவரும் விமானப் பணிப்பெண்களாகச் சேர்ந்த புதிது. வாசலில் நின்று ஏறுகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக் கும்பிடுவது நம் வேலை. வேட்டி கட்டிய ஒருவர் துணிக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினார். நான் பல்லைக் காட்டி, "வாங்க, வணக்கம்" என்றேன். நீ கும்பிடவில்லை. அவர் உள்ளே போனதும் என்னைக் கிள்ளினாய்.

"மூஞ்சியப் பாத்தாத் தெரியல? எழவுக்குப் போறவரு புள்ள. வாங்கன்னு சொல்லுவாங்களா?"

நீ நினைத்தது சரிதான். கோவை பக்கத்து அன்னூரில் அவர் தங்கை இறந்துபோயிருந்தாள். பம்புசெட் வியாபாரமாகப் பம்பாய் வந்திருந்தவருக்குக் காலையில்தான் தகவல். பையில் இருந்தது பிறந்த வீட்டுக் கோடி. தங்கையின் உடல்மேல் அண்ணன் போர்த்த வேண்டிய புதுச்சேலை. பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்துவிடுவார்கள்.

கோயமுத்தூருக்கு மேலே மழை மேகத்தில் வெகுநேரம் சுற்றிவிட்டு, விமானத்தைக் கொச்சிக்குத் திருப்புவதாகக் கேப்டன் அறிவித்தார். அவ்வளவுதான். மனுஷன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கம் ஓடிவந்தார். விமானம் தூக்கிப்போட்டதில் விழுந்தார். விழுந்தும் பையை விடவில்லை.

"எறக்கியுட்ருங்க அம்மணி. இங்கதானுங்க ஊரு. கும்பிடறேனுங்க, எப்படியாச்சும் எறக்கியுட்ருங்க."

அந்த நிலையிலும் 'ங்க' போடாமல் பேச வரவில்லை அவருக்கு. நான்தான் பயத்தில் கத்தினேன். உட்காருங்கள் என்றேன், பையைக் காலடியில் வையுங்கள் என்றேன். சட்டம் அப்படி.

"கோடிச்சீலைங்க! காலுக்கடியில வெப்பாங்களாங்க?"

நீ அவர் பக்கத்தில் மண்டியிட்டாய். "அண்ணா, எங்கிட்டக் குடுங்க. எறங்கற வரைக்கும் என்ற மடியில இருக்கட்டும்."

"அதுக்குள்ள எடுத்துப்போட்டாங்கன்னா?"

"எடுக்க வேண்டாம்னு சொல்லியுடலாமுங்க. போன் நம்பர் எதாச்சும் இருக்குதுங்களா?"

தங்கை வீட்டுக்குப் பக்கத்து மில் நம்பர் அவருக்கு மனப்பாடம். நீ கேப்டனிடம் போய்க் கெஞ்சினாய். அவர் வயர்லெஸ்ஸில் கோவைக்குச் சொன்னார். அங்கிருந்து யாராவது மில்லுக்குப் போன் போட வேண்டும். போட்டார்களா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. நமக்கான இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு, அந்தப் பையை நீ இரண்டு கையாலும் பொத்தியிருந்தாய். விமானம் இறங்கும்வரை அவர் உன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொச்சியில் கார் பிடித்துக்கொண்டு ஓடினார். போய்ட்டு வாங்க என்று இம்முறை நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது நீ கேட்டாய்: "எனக்கு அண்ணன் தம்பி யாருமில்லையே. எனக்கு யாருடி கோடி கொண்டாருவா?"

"நாங் கொண்டாறேன், போ" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு வாழைத்தாரோடு விமான நிலையத்துக்கே வந்து நின்றார் அந்த அண்ணன். "நீங்க சொல்லியுட்டது வந்துச்சுங்க. விடிய விடிய எடுக்காம வெச்சிருந்தாங்க." அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். நாமும் அழுதோம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து உன் சாவுச் செய்தி வந்ததும் நான் நேரே கடைக்குத்தான் ஓடினேன். வழியில் லாரி கவிழ்ந்து, பஸ் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பஸ்ஸில் இருந்தபடியே செல்போனில் உன் புகுந்த வீட்டைக் கூப்பிட்டேன்.

"எடுத்துப்போடாதீங்க. கோடி வருதுங்க."

"நீங்க என்ன முறையாகோணுமுங்க?" மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"சிநேகிதிங்க" என்றேன்.

அங்கே யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "நேரமாச்சுங்க அம்மணி" என்று குரல் வந்தது. போனை வைத்துவிட்டார்கள்.

நான் எழுந்து, இறக்கிவிடுங்கள், இறக்கிவிடுங்கள் என்று கத்தியிருக்கிறேன். நடந்தால் எத்தனை மணி நேரமாகும் என்றுகூட யோசிக்கவில்லை. பாவம், கண்டக்டர் பயந்துபோனார். பையைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

கீழே வைக்கவில்லையடி.