குழாய் திரும்பிய திசை

கிளிநொச்சி
ஆனி, 1963

அன்புள்ள மகன் யோகலிங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை, களைப்பு மட்டும்தான். அந்த இலண்டன் குளிரில் உன் உடம்புக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். தங்கச்சி இராசமலரின் கலியாணம் ஒப்பேறிவிட்டது. அவள் பளைக்குப் போய்விட்டாள். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, இரவல் வாங்கிய சமையல் கிடாரங்கள் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கின்றன, கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும், எழும்ப மனமில்லை. குசினி வாசலில் இருந்து எழுதுகிறேன். அவ்வளவு பாட்டுக்கும் பிறகு வீட்டின் அமைதி காதுக்குள் இரைகிறது.

பரீட்சை என்று நீ வரமுடியாமல் போனதை உன் ஐயா குறை சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் கால் கழுவி மாலை போட்டு அழைத்துவரப் பெண்ணின் சகோதரன் தோழனாக நிற்கவேண்டும். நீ இல்லையென்றால் ஐயாவின் தம்பி, உன் சின்னையாவின் மகன் பாலன்தான். போன சிறுபோக நெல் வெள்ளாமையில் வாய்க்கால் தண்ணீருக்காக ஐயாவும் தம்பியாரும் மண்வெட்டியோடு நின்று ஏசிக்கொண்டது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு முகம் பார்த்ததில்லை. நான்தான் வெற்றிலைத் தட்டத்தோடு வாய்க்காலைக் கடந்து போனேன். அப்புத்துரைச் சின்னையா வெற்றிலையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, உங்களுக்காக வாறன் மச்சாள், அந்த மனுசனுக்காக இல்லை என்றார். அது போதும் என்று திரும்பினேன்.

முல்லைத்தீவிலிருந்து மஹ்றூப் என்ற பொடியன் ஒலிபெருக்கி கொண்டுவந்தான், கார் பற்றரியில் பாடுவது, தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. முதல் தட்டு பிள்ளையாருக்கு, அடுத்தது நாதஸ்வரம், அதன் பிறகு ஒழுங்கு இல்லை. ஆளுக்கொரு பாட்டுக் கேட்டார்கள். குசினிக்குள் இருந்த பெண்டுகளுக்கு அழுகிற படப்பாட்டுத்தான் வேண்டும், தேங்காய் துருவ அது தோதாம். பக்கத்துக் காணி வீரகத்தி அண்ணர் தேவாரம் போடுவித்தார், அது முடியமுன்னமே இளந்தாரிகள் சிங்களப் பைலா கேட்டார்கள், தேவாரத்தின்ரை ஈரம் காயேல்லை அதுக்குள்ளை ஆட்டமோ என்று அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மஹ்றூப் தன் விருப்பத்துக்கு நபிகளைப் பற்றிய பாட்டு ஒன்றும் இந்திப் பாட்டு ஒன்றும் போட்டான். இந்திப் பாட்டுக்கு ஐயா தலையாட்டுவதைக் கண்டேன். விளங்குதோ என்று கேட்டேன். விளங்கினால்தான் தலை ஆடுமோ என்றார்.

பிழை நடந்தது ஒலிபெருக்கிக் குழாயில். அதைப் பாலை மரத்தில் றோட்டைப் பார்க்கக் கட்டச் சொன்னது ஐயா. பளையிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்திலேயே கேட்கட்டும் என்று. நல்ல எண்ணம். ஆனால் இங்கே குழாய் எந்த வீட்டைப் பார்க்கிறதோ அது அழைத்த வீடு. அதன் பின்பக்கம் பார்க்கிற வீடு தள்ளிவைத்த வீடு. சின்னையாவின் வீடு சரியாகப் பின்னுக்கு. எங்கள் ஒருவருக்கும் அது மனதில் படவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வீரகத்தி அண்ணர் சொல்லிக்கொண்டு வந்தார்: எனக்குப் பிடரியைக் காட்டிப்போட்டு என்ரை பிள்ளையைத் தோழனாக் கேக்கினமோ, நாங்கள் வரமாட்டம் என்று சின்னையா சந்தியில் நின்று கத்துகிறாராம். இராசமலர் கேட்டுவிட்டாள். அழவில்லை. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அண்ணையும் இல்லை பாலனும் இல்லை, எனக்கெண்டு ஆர் அம்மா நிக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

ஐயாவிடம் போனேன். குழாயைத் திருப்புங்கோ என்றேன். திருப்பினால் வேணுமெண்டு செய்தனான் எண்டாகும், நான் செய்யேல்லை என்றார். அதுவும் சரி. சின்னையாவின் கோபமும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் நின்று எனக்குக் கால் உளைந்தது. மஹ்றூப்பிடம் சொன்னேன். ஐயா ஏசுவார் அக்கா என்றான். ஏசட்டும், நான் வாங்கிறன், நீ ஏறு என்றேன். குழாய் வாய்க்கால் பக்கம் திரும்பியது. என்ன பாட்டு என்று மேலே இருந்து கேட்டான். சின்னையாவுக்குக் கூத்துப் பாட்டை விட்டால் வேறு பாட்டு இல்லை. இளமையில் இருவரும் ஆடிய கூத்தில் தம்பி அரசன், அண்ணன் மந்திரி. அதற்குத் தட்டு ஏது? தட்டிலை இல்லாட்டி வாயிலை இருக்குமே என்று இறங்கிவந்து மைக்கை ஐயாவிடம் நீட்டினான். ஐயா என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். ஏசவில்லை. ஒருமுறை இருமினார், அந்த இருமல் வாய்க்காலுக்கு அப்பால் போய் விழுந்தது. பிறகு அரசன் வரவுப் பாட்டைத் தொடங்கினார். குரலில் உமி. இரண்டாம் அடியில் தடக்கினார், மூன்றாவதை முன்னுக்குப் படித்தார், திரும்பவும் தடக்கினார். பந்தல் சிரித்தது. நான் வயல் வரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சால்வை இழுபடச் சின்னையா வந்துகொண்டிருந்தார். பந்தலுக்குள் வந்தவர், மந்திரிக்கு ஏன் அண்ணை அரசன்ரை பாட்டு, ஊருக்கே கேக்கப் பிழையாப் படிச்சு என்ரை மானத்தை வாங்கிறியளோ என்று மைக்கைப் பறித்தார். பிழையெண்டால் நீ படியன் என்றார் ஐயா. படித்தார். தண்ணீர்க் கதையை இருவரும் எடுக்கவில்லை. தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

அடுத்தநாள் பாலன் கால் கழுவினான், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டார். உன் உயரம்தான் அவனும். பின்னால் நின்று பார்த்தேன். நன்றாகச் செய்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

பெட்டியைக் கட்டமுன் மஹ்றூப், வெளியூரிலை இருக்கிற மகனுக்கும் ஒரு பாட்டுப் போடுவம், அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டான். ஐயா, நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய தேவாரம் என்றார். இராசமலர் கூறைச் சேலையோடு வந்து படப்பாட்டு என்றாள். பாலன், குளக்கட்டில் சைக்கிள் ஓடும்போது நீ சீட்டியடிக்கிற இங்கிலீசுப் பாட்டு என்றான். சின்னையா சொன்னது கூத்து. அவருக்கு என்ன இத்தனை காதோ என்று மஹ்றூப் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். எல்லாம் நீ இங்கே இருந்தபோது கேட்ட பாட்டு. இப்போது உன் வாயில் என்ன பாட்டு வருகிறதோ எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் போடு என்றேன். இலண்டன் எந்தப் பக்கம் ஐயா, குழாயைத் திருப்ப என்று பகிடியாகக் கேட்டான். தம்பிக்காக ஒரு சாண் திருப்பமாட்டேன் என்ற மனுசன், எழும்பி மரத்தடிக்குப் போய் மேற்கே பூநகரிப் பக்கம் கையைக் காட்டினார். அவன் ஏறித் திருப்பினான். அந்தப் பக்கம் எங்களுக்கு ஒருவரும் இல்லை. வயல், பிறகு கடல். பற்றரி இறங்கி, பாட்டு இழுபட்டு நிற்கும்வரை அந்தப் பக்கமே பாடியது.

காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியே போ. சனிக்கிழமையில் எண்ணெய் வைக்க மறக்காதே. பரீட்சையை ஆறுதலாக எழுது, பிள்ளையார் உன் பக்கத்திலேயே இருப்பார். பதில் போடும்போது இப்போது உனக்குப் பிடித்த பாட்டு எது என்று ஒரு வரி எழுது. இன்னொருமுறை யாரும் கேட்டால் அம்மா முழிக்கக்கூடாது.

உன்னை நினைத்தபடி,
அம்மா
இரஞ்சிதம்