டின்னை நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்

அன்பு மருமகன் சிட்டுவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் காலையிலும் மாலையிலும் நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே உன் அப்பா நன்றாக இருக்கிறார். எனக்கும் குறை ஒன்றும் இல்லை, மாடிப்படியைப் பார்த்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது.

கையில் போன் இருக்கும்போது இந்த அத்தைக்கு ஏன் கடுதாசி எழுதும் ஆசை வந்தது என்று நீ சிரிப்பாய். போனில் எங்கே பேசுவது? மணி அடித்ததும் உன் அப்பா வந்து ஒட்டிக்கொள்கிறார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "என் பிள்ளைகிட்ட எனக்குத் தெரியாம என்ன பேச்சு?" என்கிறார். இது அவருக்குத் தெரியாமல் பேச வேண்டிய பேச்சு. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அந்தப் பெரிய கறுப்பு டின்னைப் பார்த்ததும் பெயிண்ட் டப்பா என்று நினைத்துவிட்டேன். மூடி மேலே நரம்பு புடைத்த ஒரு கை வேறு. அது புரோட்டீன் பவுடர், பாலில் கலக்கிக் குடித்தால் அப்பாவுக்குத் தெம்பு வரும் என்று நீ எழுதியிருந்ததை உன் அப்பா எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு கிட்னியக் குடுத்தான், அதோட விட்டானா பாரு, இப்ப தெம்பையும் அனுப்புறான்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

உன் வீடியோவும் பார்த்தோம். ஜிம்மில் நீ அந்த டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் பெயர் சொல்லி வாங்கினால் விலை குறையும் என்று சொல்கிறாயே, அதுதான். உன் அப்பா அதைத் தான் வேலை பார்க்கும் கடையில் ஆணி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். முதலாளியே வந்து, "கல்லாவப் பாருங்க அண்ணே, வீடியோவ அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியாயிற்று. நீயோ பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்குகிறாய், சாயங்காலம் காசு கொடுத்து இரும்பு தூக்குகிறாய். எனக்கு இது புரியவில்லை. ஆனால் அழகாகத்தான் இருந்தாய், திருஷ்டி பட்டுவிடும்.

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. வீடியோ முழுக்க நீ வலது பக்கத்தையே காட்டுகிறாய். மற்றப் பையன்கள் பனியனைக் கழற்றி வீசும்போது நீ மட்டும் தொளதொளவென்று ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். இடது பக்கத் தையல் தெரியக் கூடாது என்றுதானே? அப்படியென்றால் உன் ஜிம் மாஸ்டருக்கும் நீ சொல்லவில்லை. உனக்குக் கிட்னி ஒன்றுதான் என்று தெரியாமல்தான் அந்த மனுஷன் பவுடரை இத்தனை கரண்டி குடி என்று உனக்குக் கணக்குச் சொல்கிறார்.

இதெல்லாம் எனக்கு முதலில் தோன்றவில்லை சிட்டு. நான் அவ்வளவு படித்தவளா? உன் அப்பா வாயில் புதிதாக எது போனாலும் ஆஸ்பத்திரியில் கேட்காமல் போகக் கூடாது என்று ஆபரேஷன் அன்றைக்குச் சொன்னார்கள், அது மட்டும் மனதில் நின்றது. அதனால் மாதப் பரிசோதனைக்குப் போனபோது டின்னையும் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் முழுக்க உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "என் பிள்ளை எனக்கு விஷமா அனுப்புவான்? கண்டவங்ககிட்ட கொண்டுபோய்க் காட்டுற" என்றார். அவரை ரத்தப் பரிசோதனை வரிசையில் உட்கார வைத்துவிட்டு, சாப்பாட்டு முறை சொல்கிற டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. நேரே டின்னைத் திருப்பி, பின்னால் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தாள். "சிறப்புக் கலவைன்னு போட்டு மொத்த எடை மட்டும் குடுத்திருக்காங்கம்மா. எது எவ்வளவுன்னு இல்ல. உள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறவங்கள நாம எப்படி நம்புறது?" என்றாள். டாக்டர்கள் சிபாரிசு செய்தது என்று போட்டிருந்ததே, அதைக் காட்டினேன். "எந்த டாக்டர்? பேர் இருக்கா பாருங்க" என்றாள். தடவித் தடவிப் பார்த்தேன், இல்லை. கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லாத யாராவது பரிசோதித்த முத்திரை இருக்கிறதா என்று அவளே தேடினாள், அதுவும் இல்லை. இயற்கை மூலிகை என்று இருக்கிறதே அம்மா, நல்லதுதானே என்று நான் வாயைக் கொடுத்தேன். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க உன் அப்பா மாத்திரை போடுகிறாரே, சில மூலிகைகள் அந்த மாத்திரையோடு மல்லுக்கட்டுமாம். இவருக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம் என்று மூடியை அழுத்தி மூடினாள்.

அத்தோடு நான் எழுந்து வந்திருப்பேன். யார் வாங்கிக் கொடுத்தது என்று அவள் கேட்டாள். இவருக்குக் கிட்னி கொடுத்த பிள்ளைதான், அவனும் இதைத்தான் குடிக்கிறான், இப்போது உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

திட்டவில்லை, நிதானமாகத்தான் பேசினாள். ஒரு கிட்னியோடு ஒருவன் ஆயுசு முழுக்க நன்றாக வாழலாம், ஓடலாம், பளுவும் தூக்கலாம். ஆனால் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு மேலே இப்படி அள்ளி அள்ளிப் போட்டால் இருக்கிற ஒன்றுக்குச் சுமை ஏறுமாம். பருப்பு, முட்டை, பால், மீன் என்று சாப்பிடுகிற பையனுக்குப் பெரும்பாலும் டின் தேவையே படாதாம். தேவையா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் கிட்னி டாக்டர், ஜிம் மாஸ்டர் இல்லை என்றாள். தசைக்கு என்று தனியாக ஒரு வெள்ளைத் தூள் விற்கிறார்களாமே, அதைச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனைக் கணக்கே குழம்பித் தெரியுமாம். நீ அதையும் சாப்பிடுகிறாயா?

பிறகு, "அவர் கடைசியா செக்கப்புக்கு எப்பம்மா போனார்?" என்று கேட்டாள். கேட்கும்போதெல்லாம் நீ போனேன் அத்தை என்கிறாய், எந்த டாக்டர் என்றால் சிக்னல் போய்விடுகிறது. போன வாரம் ஷூ இறுக்குகிறது, சாயங்காலத்தில் கால் வீங்கின மாதிரி இருக்கிறது என்றாயே. உன் அப்பா, பையனுக்கு உடம்பு ஏறுகிறது என்று கை தட்டிச் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். அதை அவளிடம் சொன்னேன். "காத்திருக்க வேணாம்மா, உடனே பாக்கச் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஏன் இதில் இறங்கினாய் என்று எனக்குத் தெரியும் சிட்டு. உன்னை மாப்பிள்ளையாகப் பார்க்கப் பெண் வீட்டார் வந்துபோன நாளில், மாடிப்படியில் இறங்கிக்கொண்டே பெண்ணின் அம்மா, "ஒண்ணு கம்மியா இருக்கிற பையன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. தம்ளர்களை எடுத்துக்கொண்டு நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். மறு மாதமே தூரத்து வேலை என்று கிளம்பிவிட்டாய். அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்றுதான் உன் அப்பா இன்றுவரை நம்புகிறார். நான் வாய் திறக்கவில்லை. தெரிந்தால், இந்த மனுஷன் தன் உடம்பைக் கிழித்து உனக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்பார்.

அந்தப் பொம்பளை பேச்சுக்குப் பதில் சொல்லத்தானே மலை மாதிரி ஆகப் பார்க்கிறாய்? உன் மனசில் பட்ட அடியைத்தான் கண்ணா அவர்கள் விற்கிறார்கள். ஆறே வாரத்தில் ஆம்பளை ஆகலாம் என்று வீடியோவில் உன் தலைக்கு மேலே எழுத்து ஓடுகிறதே, அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பனுக்காகக் கத்திக்குக் கீழே படுத்த பிள்ளைக்கு, டின் விற்கிற இவன் யார் ஆம்பளை ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க? உன் மாஸ்டர் உடம்பு டின்னிலிருந்துதான் வந்தது என்றால், ஜிம்மிலேயே அதை அடுக்கி வைத்து விற்கிற கடைக்காரர் ஏன் உன் வீடியோவில் ஒல்லிக்குச்சியாக நிற்கிறார்? நீ படித்தவன், யோசி. உன் முகத்தை நம்பி இன்னும் நாலு பிள்ளைகள் வாங்கிக் குடிக்கும், அவர்கள் கிட்னி எப்படி இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

டின் இப்போது என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று உன் அப்பாவிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன், சாமி மன்னிக்கட்டும். தினமும் காலையில், "இன்னைக்கு ஒரு கரண்டி போடேன், பிள்ளை ஆசையா அனுப்பினது" என்று குழந்தை மாதிரி கேட்கிறார். என் பேச்சு எத்தனை நாளைக்குச் செல்லும்? நான் குளிக்கும்போது பீரோவைத் திறந்துவிட்டால் என்ன செய்வேன்? நீயே போன் போட்டு, அப்பா அது வேண்டாம், உங்கள் மாத்திரையோடு ஒத்துக்கொள்ளாதாம், எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடு. உன் வார்த்தையை மட்டும்தான் கேட்பார்.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம், சிறுநீர், பிரஷர் மூன்றையும் பார்க்கச் சொல். கிட்னி ஒன்றுதான் என்று அந்த டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல், வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? டின்னையும் எடுத்துப் போய்க் காட்டு. ரிசல்ட் எதுவானாலும் எனக்கு மட்டும் சொல். பக்கத்து வீட்டு டீச்சர் போனில் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன், புது நம்பர் என்று நீ எடுக்கவில்லை; அந்த நம்பரை இதோடு ஒரு துண்டுச் சீட்டில் வைத்திருக்கிறேன், அவளிடம் சொன்னால் என்னைக் கூப்பிடுவாள், உன் அப்பாவுக்குத் தெரியாது. கால் இப்போதும் வீங்குகிறது என்றால் இந்தக் கடுதாசியை முழுதும் படிக்காதே, இப்போதே கிளம்பு.

உன் அப்பா காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார் தெரியுமா? நீ கொடுத்ததை வைத்துத் தைத்த இடத்தில் கையை வைத்து, "எந்திரிச்சிட்டியாப்பா? நல்லா இருக்கியா?" என்று கேட்கிறார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. இங்கே இருப்பதற்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருப்பதை நான் எப்படியப்பா பார்த்துக்கொள்வேன்?

என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து ஆண்டவன் உனக்குக் கொடுக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும் என் ராஜா. டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,

உன் அத்தை.