சிக்கெடுத்த மாலை

பௌர்ணமி, வியாழன் இரவு

பக்கவாதத்தில் மங்கையின் வலக்கை விழுந்தபோது, அது சரியாக வேண்டி, விடாமல் பன்னிரண்டு பௌர்ணமி மலை சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டேன். இன்று ஏழாவது. கிளம்பும்போது, "என்னங்க, தலையில சிக்கு ஜாஸ்தியா இருக்கு, வலிக்குது," என்றாள்.

எண்ணெய் தொட்டு ஒவ்வொரு முடியாகப் பிரித்தேன். பாதி முடிந்தபோது, "போதும், கிளம்புங்க. வேண்டுதலாச்சே," என்றாள்.

"இந்தப் பக்கம் பாக்கி இருக்கு. திரும்பு."

மலை சுற்றும்போதெல்லாம் அவள் கையையும் என் முட்டிவலியையும்தான் நினைத்துக்கொண்டு நடப்பேன். இன்று முடியைத் தவிர மனதில் எதுவுமே இல்லை. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வாய்த்ததில்லை.

முடித்தபோது மணி பத்து. அப்புறமும் போயிருக்கலாம். போகவில்லை. வேண்டுதல் தவறிய பயம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. மங்கை தூங்குகிறாள்.