வேலூர் லாட்ஜில் நான் எழுதிய வரி

கள்ளிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் ஷிப்ட் விட்ட கூட்டம் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன. இதை முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும், நீ இரண்டு நிமிடத்தில் படித்துவிடுவாய், அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே நானும் உன் அம்மாவும் முழங்கால் வலி தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீ இருமாமல் இருந்தால் போதும். எழுதப் படிக்கக் கற்கும் பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பில் ஷோபனா டீச்சர் என்னை இரண்டாம் புத்தகத்துக்கு ஏற்றிவிட்டார். தெருவில் ஒரு போஸ்டரையும் விடாமல் படித்துக்கொண்டு வருகிறேன், கூட நடக்க உன் அம்மாவுக்குப் பொறுமை இல்லை.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். லீவில் உன் கூட வேலை செய்யும் ஆக்னஸோடு வியன்னா பார்க்கப் போகிறாய், ஓட்டலில் தனி அறை எடுப்பதா, ஆறு பேர் ஒரே அறையில் படுக்கும் ஹாஸ்டலில் தங்குவதா என்று கேட்டாய். உன் அம்மா, ஓட்டல்லயே தங்க சொல்லு, கதவ சாத்திக்கினு நிம்மதியா தூங்கட்டும், கண்டவங்க கூட இன்னாத்துக்குப் படுக்கணும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நான் ஹாஸ்டல் என்கிறேன். எனக்குப் பழைய பகை ஒன்று இருப்பதால் என் யோசனையைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள். அந்தப் பகை உனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், எழுத முடிகிறது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் நர்சிங் படிப்பு நேர்முகத் தேர்வுக்கு உன்னை வேலூர் கூட்டிப் போனேன். காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்ததால் முதல் நாளே போய் அந்த லாட்ஜில் அறை கேட்டோம். மேனேஜர் பதிவேட்டைத் தள்ளினான். நான் கட்டை விரலை நீட்டினேன். கைநாட்டெல்லாம் இங்க செல்லாது, இந்தப் பொண்ணு உன் பொண்ணுதான்னு உன் கையால எழுது, அப்பதான் ரூம் என்றான். நீ பேனாவை எடுத்தாய். நீ எழுதாதம்மா, யாரு வேணா யார வேணா அப்பான்னு எழுதலாம் என்று அவன் சொல்ல, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ படிக்கட்டில் அழுதாய். அப்புறம் ஸ்டேஷன் பக்கத்தில் பத்துப் பதினைந்து கட்டில் போட்ட பொது விடுதிக்குப் போனோம், பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு ஒரு கூடம். அங்கிருந்த அம்மா நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சாப்ட்டீங்களா என்று. நீ மறுநாள் தேர்வாகிவிட்டாய், அதையெல்லாம் மறந்தும்விட்டாய். நான் மறக்கவில்லை. அந்தச் சிரிப்பு பத்து வருடமாக என் காதிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் பட்டாபிராம் வரைக்கும் போய் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அரக்கோணம் வண்டி ஏறினேன், அங்கிருந்து வேலூர். கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை, இதற்காகவே போனேன். அதே லாட்ஜ், அதே ஆள், தலை மட்டும் நரைத்துவிட்டது. மேசையில் பெயர்ப் பலகை, தங்கவேல், மேலாளர் என்று படித்தேன். இத்தனை வருடம் அவனைப் பெயர் தெரியாமலே திட்டியிருக்கிறேன், பெயரோடு திட்டுவது தனி ருசி பானு. அறை கேட்டேன். பதிவேட்டைத் தள்ளினான். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் பெயர், என் தகப்பன் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு வரைக்கும் ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இன்னா பெரியவரே, உயிலா எழுதற, சீக்கிரம் ஆவட்டும் என்றான். அவசரப்பட்டா எயுத்து கெட்டுடும் மேனேஜரே என்றேன். இந்தத் தடவை கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. உடன் வந்தவர் என்ற கட்டத்துக்கு வந்தேன். பானுப்பிரியா, என் மகள் என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, யோவ், கூட யாரும் இல்லியே என்றான். அன்னைக்குக் கூட இருந்தாளே, நீதான் எயுத வுடல என்றேன்.

அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வர வைத்தேன். கைநாட்டு என்று அவன் சொன்னதை அவன் குரலிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. அத அடிச்சுடு பெரியவரே, மாசாமாசம் போலீசு பாக்கற புக்கு இது, வராத பொண்ணு பேரு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டுக் கீது, கிழிக்கவும் முடியாது, மொதலாளிக்கு நான் இன்னா சொல்றது என்று கெஞ்சினான். என் கையால எயுதுன்னு நீதானே சொன்ன, எயுதிட்டேன் என்று அவன் எடுத்து வைத்திருந்த சாவியை அவன் பக்கமே தள்ளினேன். ரூம் வேணாம்னா எதுக்குய்யா வந்த என்றான். எயுதத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் வீடு வந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் உன் அம்மா, வயசாவ வயசாவ உனக்குப் புத்தி கெட்டுக்கினே போவுது என்று திட்டினாள். திட்டி முடித்து, அவன் மூஞ்சி எப்படி ஆச்சு, இன்னொரு தபா சொல்லு என்று மூன்று முறை கேட்டாள்.

ஆகையால் என் யோசனை இதுதான். பெண்களுக்கென்று தனிக் கூடம் இருந்தால் ஹாஸ்டலிலேயே தங்கு. பெட்டிக்கு ஒரு பூட்டு எடுத்துப் போ, கீழ்க்கட்டிலாகக் கேள், பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் மறந்து வைத்துவிடாதே. ஓட்டலோ ஹாஸ்டலோ, முதலில் மேசையில் இருக்கிறவர் உன்னை எப்படிப் பார்க்கிறார் என்று பார். அது சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல அறையானாலும் வெளியே வந்துவிடு. ஆக்னஸையும் நான் கேட்டதாகச் சொல்.

நீங்கள் இரண்டு பேரும் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்ப வேண்டும், உன் கை தொட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதம். காதை மூடித் துணி கட்டிக்கொள், மறக்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எழுத உட்காருவேன். இதைப் படித்ததும் போன் செய்து, பாவம் நைனா அந்த ஆளு, வுட்டுடு என்று சொல்லாதே. விட்டுவிட்டேன் அம்மா. எழுதி முடித்த பிறகுதான் விட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
ம. துலுக்கானம்